மாமா வரட்டும்: நெல்லைப் பக்கத்தில் ஓர் உறுப்பு தான ஒப்புதல்

திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் மூளைச்சாவு அடைந்தால், அவருடைய உறுப்புகளைக் கொடுக்கச் சட்டம் கேட்பது நெருங்கிய உறவினரின் கையெழுத்தை. அந்தக் கையெழுத்து விழுவதற்கு முன்னால், ஆஸ்பத்திரி வளாகத்து மரத்தடியில் நாலைந்து பேர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அதில் சொல் செல்லுபடியாகும் ஆள் பெரும்பாலும் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லாதவர். "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லி முடித்துக்கொள்பவர்கள் அந்த மரத்தடியைப் பார்ப்பதே இல்லை.

நான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது நான் உடனிருந்த ஒரு நிகழ்வு. குடும்பத்தாரின் அனுமதி உண்டு. அவர்களை அடையாளம் காண முடியாதபடி வயது, தொழில், ஊர் ஆகியவற்றை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனை நெல்லையில் உள்ளது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நடந்தது

அவருக்கு வயது 36. சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு கிராமம். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வைத்திருந்தார். மனைவி பீடி சுற்றுகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், கூடவே அம்மா. அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. தம்பி ஷார்ஜாவில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரிப் பக்கம் துஷ்டி (சாவு) கேட்டுவிட்டு பைக்கில் திரும்பும்போது நான்குவழிச் சாலையில் விபத்து. ஹெல்மெட் தலையில் இல்லை, வண்டியில் மாட்டியிருந்தது. 108 ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. தலைக்குள் பெரிய ரத்தக்கசிவு. அன்றிரவே மண்டையோட்டைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. குழாய் வழியாகச் சளி உறிஞ்சும்போது அதுவரை வந்துகொண்டிருந்த இருமலும் நின்றுபோயிருந்தது. வார்டில் இருந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். குடும்பத்துக்குத் தெரியாது. அவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் ஏறி இறங்கும் நெஞ்சும், மானிட்டரில் ஓடும் பச்சைக் கோடும், தொட்டால் சூடாக இருக்கும் கையும்தான்.

முதல் சிக்கல் அங்கே தொடங்கியது. பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் நடைபாதையில் நின்றபடியே மனைவியிடம், "மூளைச்சாவு ஆயிட்டும்மா, உறுப்பு தானம் பண்ண வாய்ப்பு இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் அவரிடம் இல்லை. அடுத்த நோயாளி காத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் புருஷன் இறந்துவிட்டார் என்ற செய்தியே அந்த வாக்கியத்தின் முதல் பாதியில்தான் கிடைத்தது, அதுவும் புரியாத ஒரு சொல்லில். இரண்டாம் பாதி கேள்வியாக இருந்தது. பக்கத்தில் நின்ற மாமியார் அலறிவிட்டார்: "எம்புள்ள நெஞ்சு ஏறி எறங்குது, அதுக்குள்ள பங்கு வைக்க வந்துட்டியளா?"

அந்தப் 'பங்கு' என்ற சொல்லை வார்டில் எல்லாரும் கேட்டோம். அன்று காலை இனி யாரும் அந்தக் குடும்பத்திடம் உறுப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

உலகம் முழுக்க இந்த வேலையில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. மரணத்தைச் சொல்வது ஒரு பேச்சு, தானத்தைக் கேட்பது இன்னொரு பேச்சு. இரண்டுக்கும் நடுவே குடும்பத்துக்கு அழ நேரம் வேண்டும். முதல் பேச்சைச் சிகிச்சை செய்த மருத்துவர் பேச வேண்டும். இரண்டாவதை வேறு ஆள், உட்கார்ந்து, அவசரமில்லாமல் பேச வேண்டும். பேசும் ஆள் உறுப்பு பொருத்தும் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.

மதியம் முதல் பரிசோதனை நடந்தது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் சேர்ந்து மூளைத்தண்டின் (மூச்சை இயக்கும், மூளையின் அடிப்பகுதி) சாவை உறுதிசெய்ய வேண்டும்: மருத்துவமனைப் பொறுப்பாளர், அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள ஒரு நிபுணர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை நிபுணர், சிகிச்சை அளித்த மருத்துவர். குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு அதே பரிசோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் பரிசோதனை முடிந்த பிறகு நரம்பு அறுவை மருத்துவர் அம்மாவையும் மனைவியையும் ஓர் அறையில் உட்காரவைத்தார். ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டி, மூளைக்கு ரத்தம் போகாததைச் சொன்னார். "மெஷின்தான் மூச்சு விடுது, அவர் விடல. இன்னொரு தடவை பாத்துட்டு உறுதியாச் சொல்லுதோம்" என்று முடித்தார். தானம் என்ற சொல்லே வரவில்லை. நான் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மனைவியே ஆரம்பித்தார். "காலையில அந்த டாக்டர் சொன்னாவள்லா, அது என்ன சார்?" எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குச் சம்மதந்தான். அவுக மாசாமாசம் யாருக்காவது ரத்தம் குடுக்கணும்னு அலைவாவ. ஆனா அத்தையும் களக்காட்டுச் சித்தப்பாவும் சொல்லணும்" என்றார். மாமியாரிடம் போனால், "எந்தம்பி வரட்டும்." வெளியே நின்ற பங்காளிகள், கூட்டாளிகள் எல்லாரும், "மாமா வரட்டும்."

மூவர் சொன்னதும் ஒரே ஆளைத்தான். இறந்தவரின் தாய்மாமா. களக்காட்டில் வாழை வைத்திருப்பவர். முதல் இரண்டு நாளும் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டு, தார் வெட்ட ஆள் வருகிறது என்று அன்று காலைதான் ஊருக்குப் போயிருந்தார்.

சட்டம் யாரைக் கேட்கிறது

2011 திருத்தத்துக்குப் பிறகு நெருங்கிய உறவினர் என்று சட்டம் சொல்வது இவர்களை: கணவன் அல்லது மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, சகோதரர், சகோதரி, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. தாய்மாமன் இதில் இல்லை. காதுகுத்தில் மடியில் உட்காரவைப்பவர், கல்யாணத்தில் முன்னே நிற்பவர், துஷ்டியில் கோடி போடுபவர், அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக நிற்பவர், அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். பெரியப்பா, சித்தப்பாவும் அப்படித்தான். ஊர்ப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் குழுவிலேயே ஒருவர், "மனைவி சரின்னுட்டாங்க, எட்டாம் நம்பர் படிவத்துல கையெழுத்து வாங்கிரலாம், நேரம் போகுது" என்றார். நேரம் போகிறது என்பது உண்மை. மூளைத்தண்டு செத்த உடம்பில் ரத்த அழுத்தம் நிலைக்காது, உப்புச் சத்து தாறுமாறாகும், எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம். நின்றுவிட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் போய்விடும், கண்கள்தான் மிஞ்சும். இருந்தாலும் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அதற்கு இரண்டு காரணம்.

முதலாவது சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இறந்தவர் உயிரோடிருக்கும்போது எழுதிவைக்காத நிலையில், உடலுக்குச் சட்டப்படி உரியவர் அனுமதி தரலாம். ஆனால் நெருங்கிய உறவினரில் வேறு யாருக்காவது ஆட்சேபம் இருப்பதாக நம்ப இடமிருந்தால் தர முடியாது. அம்மா அந்தப் பட்டியலில் இருப்பவர். அவர் மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, தம்பியைக் கை காட்டினார். அவ்வளவு தெளிவாக ஒருவரைக் கை காட்டும் ஓர் அம்மாவைத் தாண்டி மருமகளின் கையெழுத்தை வாங்குவது சட்டத்தின் எழுத்துக்கே ஒட்டாது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரிது. அந்தப் பெண் நாளைக்கு அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதே மாமியார், அதே தெரு, அதே பீடிக் கம்பெனி வரிசை. மாமா வருவதற்கு முன் கையெழுத்துப் போட்டவள் என்ற பேர் விழுந்துவிட்டால், "புருஷனை அறுத்து வித்துட்டா" என்று சொல்ல ஊரில் ஒரு வாய் போதும். நான்கு பேருக்கு உறுப்பு கிடைக்கட்டும் என்பதற்காக ஒரு விதவையை அந்தச் சொல்லுக்கு முன்னால் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை. ஒப்புதல் என்பதைச் சுதந்திரமான ஒரு தனி மனிதரின் முடிவு என்று சட்டம் வரைகிறது. 36 வயதுக் கணவனை இழந்து, பீடிக்கூலியில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கப் போகிற ஒரு பெண்ணுக்கு அந்த வரைபடம் பொருந்தவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்தியாவில் நடக்கும் உறுப்பு மாற்றில் பெரும்பகுதி உயிரோடிருப்பவர்கள் கொடுப்பது. 2023-ல் நடந்த சுமார் 18,000 மாற்று அறுவைகளில் இறந்தவர்களிடமிருந்து வந்த உறுப்புகளால் நடந்தவை 3,000-ஐக்கூடத் தொடவில்லை. உயிரோடு கொடுப்பவர்களில் அதிகம் பேர் பெண்கள், பெறுபவர்களில் அதிகம் பேர் ஆண்கள். புருஷனுக்கு மனைவி கொடுக்கும்போது அவளுடைய சம்மதம் போதுமானதாக இருக்கிறது, அம்மா வீட்டையோ மாமாவையோ யாரும் தேடுவதில்லை. இறந்த புருஷனின் உறுப்பைக் கொடுக்க அவள் சரி என்று சொல்லும்போது மட்டும் அவள் சொல்லுக்கு மேலே இன்னொரு சொல் வேண்டியிருக்கிறது. மாமாவுக்குக் காத்திருந்ததை நான் சரி என்கிறேன். அந்த நிலைமையைச் சரி என்று சொல்லவில்லை.

மரத்தடியில்

மாமா வந்தபோது இருட்டிவிட்டது. வேட்டியில் வாழைக்கறை அப்படியே இருந்தது. அறைக்குள் வரச் சம்மதிக்கவில்லை. "இங்கனையே சொல்லுங்க அண்ணாச்சி, நம்ம ஆளுவளும் கேக்கட்டும்" என்றார். சுற்றி எட்டுப் பத்துப் பேர். தனி அறை, கதவடைத்த பேச்சு, ரகசியம் என்றெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே கதவை அடைத்தால் அதுவே சந்தேகமாகிவிடும். மரத்தடியிலேயே பேசினோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "உசுரு இருக்குல்லா? பெறவு எப்படி இல்லங்கிய?" இந்தக் கேள்வி அறியாமையில் வருவது என்று நினைப்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். இந்தக் குழப்பத்துக்கு நம் சட்டமும் ஒரு காரணம். மூளைத்தண்டுச் சாவை மரணம் என்று ஏற்பது உறுப்பு மாற்றுச் சட்டம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் அடையாளங்கள் எல்லாம் நிரந்தரமாக மறைவதைத்தான் மரணம் என்கிறது. அதனால் குடும்பம் தானத்துக்குச் சம்மதித்தால் அந்த மனிதர் இறந்தவர். சம்மதிக்காவிட்டால் வென்டிலேட்டர் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும், இதயம் தானாக நிற்கும்வரை. "நாங்க வேண்டாம்னா வைத்தியம் பாப்பிய, சரின்னா செத்தாச்சும்பிய, அது என்ன கணக்கு?" என்று இன்னொரு குடும்பத்தில் ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். அதைவிடக் கூர்மையாக எந்தச் சட்ட நிபுணரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாமாவுக்கு வாயால் சொல்லி விளங்காது என்று எனக்குத் தோன்றியது. நரம்பு அறுவை மருத்துவரிடம் கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். இரண்டாவது பரிசோதனையை மாமா கட்டில் பக்கத்திலேயே நின்று பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்ததை, கண்ணின் கருவிழியைப் பஞ்சால் தொட்டதை, காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் விட்டதை எல்லாம் பார்த்தார். கடைசியில் மூச்சுப் பரிசோதனை. ஆக்சிஜனை மட்டும் மெல்லிய குழாயில் விட்டுக்கொண்டே வென்டிலேட்டரைக் கழற்றுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளைத்தண்டில் ஓர் இழை உயிர் இருந்தாலும் மூச்சு இழுக்கத்தான் செய்யும். அந்த வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டரைத் தாண்டியும் நெஞ்சு அசையவில்லை என்றால் இனி அசையாது. மாமா சட்டையைத் திறந்த அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். மெஷினை மறுபடி மாட்டியதும் நெஞ்சு ஏறியது. "அப்பம் இது மெஷினுதான்" என்று தனக்குத்தானே சொன்னார். வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்து, "அக்கா, அவன் இல்ல" என்றார். காலையிலிருந்து மருத்துவர்கள் சொன்னதை அந்த அம்மா அப்போதுதான் நம்பினார்.

குடும்பத்தில் ஒருவரைப் பரிசோதனையின்போது உடன் நிற்க அனுமதிப்பதை எல்லா இடத்திலும் பழக்கமாக்க வேண்டும் என்பேன். எல்லாரும் நிற்க மாட்டார்கள். கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

அப்புறம் மற்ற கேள்விகள் வந்தன. "பாடி எப்பம் தருவிய? நாளைக்கு வெளக்கு வைக்கதுக்குள்ள எடுத்தாகணும்." நெல்லைப் பக்கத்தில் பாதி மறுப்புகள் இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்காததால் வருகின்றன என்பது என் அனுபவம். விபத்து வழக்கு என்பதால் போலீஸ் விசாரணை, உடற்கூறாய்வு இரண்டும் எப்படியும் உண்டு. தானம் என்றால், உறுப்பை எடுக்கும்போதே சட்ட மருத்துவரும் உடனிருந்து இரண்டையும் சேர்த்து முடிக்க முடியும். சூரியன் மறைந்த பிறகும் உடற்கூறாய்வு செய்ய மத்திய அரசு 2021 நவம்பரில் அனுமதித்தது, உறுப்பு தானத்துக்கு அது பெரிய உதவி. எப்படியும் அறுத்துத்தான் தருவார்கள் என்பது தெரிந்ததும் கூட்டத்தில் இருந்த ஒரு பங்காளி, "அப்பம் சும்மா அறுக்கதுக்கு நாலு பேருக்கு ஆவட்டுமே" என்றார். இந்த வாதத்தை நானாக எந்தக் குடும்பத்திடமும் எடுத்து வைப்பதில்லை. அவர்களாக வந்து சேரும்போது தடுப்பதும் இல்லை.

முகம் தெரியுமா, உடம்பைப் பொட்டலமாகக் கட்டியா தருவார்கள் என்று கேட்டார்கள். தையல் போட்டு, சட்டை வேட்டி உடுத்தித் தருவோம், நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டலாம் என்றோம். செலவு பற்றிக் கேட்டார்கள். தானத்துக்கான பராமரிப்பு, அறுவை, வண்டி எதற்கும் கொடுக்கும் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்பது விதி. யாருக்குப் போகும் என்றதற்கு, மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் காத்திருப்புப் பட்டியல்படி, முதலமைச்சர் காப்பீட்டில் இலவசமாகச் செய்துகொள்ளும் ஏழைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"நாமக்கல்லுப் பக்கம் கிட்னிய வித்த மாதிரியா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் வறுமையைப் பிடித்துத் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தி 2025-ல் வந்ததை அவர் செல்போனில் படித்திருந்தார். அது உயிரோடிருப்பவர்களிடம் நடந்த வியாபாரம், இது அரசுப் பட்டியல் வழியாகப் போவது என்று வேறுபாட்டைச் சொன்னேன். ஆனால் அந்தச் செய்திக்கும் இந்த மரத்தடிக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு தரகர் செய்யும் காரியத்துக்கு, இங்கே ஒரு டயாலிசிஸ் நோயாளி விலை கொடுக்கிறார்.

பேச்சைத் திருப்பியது நான் இல்லை, ஒரு கூட்டாளி. லோடு ஆட்டோ ஸ்டாண்டில் இறந்தவரோடு வண்டி ஓட்டுபவர், அதுவரை வாயே திறக்காதவர். "மாமா, போன வருசம் ரத்தம் குடுத்துட்டு வரும்போது சொன்னான். ஏல, நமக்கு ஒண்ணுன்னா எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துருங்கல, மண்ணு திங்கதுக்கு மனுசன் வாழட்டும்னான். நான் அப்பம் அவன ஏசினேன்." மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷார்ஜாவிலிருந்த தம்பிக்கு வீடியோ அழைப்பு போட்டார்கள். அவரும், "அண்ணன் எங்கிட்டயும் சொல்லிருக்கான் மாமா" என்றார். தானம் செய்ய விரும்புவதை எழுதிவைக்க ஏழாம் நம்பர் படிவம் இருக்கிறது, இப்போது இணையத்தில் ஆதார் எண்ணோடு பதிவும் செய்யலாம். அவரிடம் அது எதுவும் இல்லை. இரண்டு பேரிடம் வாயால் சொல்லியிருந்தார். எழுதி வைத்து, அதை யாரிடமும் சொல்லாமல் விட்ட அட்டைகளைவிட இந்த வாய்ச்சொல் அன்று அதிகம் வேலை செய்தது.

அம்மா கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தார். "கண்ண எடுத்துக்கிடுங்க. எங்க மாமியாளுக்கும் எடுத்தாவ. மத்ததையும் எடுத்துக்கிடுங்க. நெஞ்ச மட்டும் தொடாதிய."

இதயம் நல்ல நிலையில் இருந்தது. எடுத்த இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். நெல்லையிலிருந்து வாகைக்குளம் விமான நிலையம், அங்கிருந்து சென்னை என்று போனால் அது முடிகிற காரியம்தான். குழுவில் ஒருவருக்கு இன்னும் ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று ஆசை. நான் வேண்டாம் என்றேன். மூன்று நாளாக அந்த அம்மா மகன் உயிரோடிருப்பதற்குச் சாட்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நெஞ்சைத்தான். படிவத்தில் எந்த உறுப்பு, எந்தத் திசு என்று தனித்தனியாகக் குறிப்பிட இடம் இருப்பதே இப்படி ஒரு வரம்பை மதிப்பதற்காக. கண்கள், இரு சிறுநீரகங்கள், கல்லீரல் என்று எழுதி, மனைவி கையெழுத்திட்டார். பக்கத்தில் அம்மா கைநாட்டு வைத்தார். மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சட்டப் பட்டியலில் இல்லாத ஒருவருக்கு நாங்கள் கண்டுபிடித்த இடம் அது.

முழு உடம்பு

"முழுசாக் குடுங்க" என்று சொல்லும் குடும்பங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அகாலத்தில் போனவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிடும் நாடு இது. இசக்கியம்மன், மாடன் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதைகளில் பல, அநியாயமாகச் செத்தவர்களின் கதைகள். வயதாகிச் சாவது வேறு, சாலையில் அடிபட்டுச் சாவது வேறு. அப்படிப் போன உயிர் அடங்க வேண்டும், அதற்கு உடம்பைக் குறையில்லாமல் அனுப்ப வேண்டும் என்ற பயம் சாதி மத வேறுபாடில்லாமல் இருக்கிறது. மூளைச்சாவு அடைபவர்களில் பெரும்பாலோர் இப்படி அகாலத்தில் போகிற இளம் வயதுக்காரர்கள் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

மதங்களின் அதிகாரபூர்வமான நிலை இதற்குத் தடையாக இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஆதரிக்கிறது, போப் இரண்டாம் ஜான் பால் 2000-ல் வெளிப்படையாகவே பேசினார். இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த, ஜித்தாவில் உள்ள ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) அகாடமி 1988-ல் நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஆனால் மேலப்பாளையத்திலோ பாளையங்கோட்டையிலோ ஒரு குடும்பம் ஐசியூ வாசலில் நிற்கும்போது ரோமும் ஜித்தாவும் துணைக்கு வருவதில்லை. உள்ளூர்ப் பள்ளிவாசல் இமாமும் பங்குத்தந்தையும்தான் வருகிறார்கள். அவர்களோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

கண்தானம் மட்டும் இந்தப் பயத்தைத் தாண்டிவிட்டது. அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் நெல்லையில் இருக்கிறது. இறந்து 6 மணி நேரத்துக்குள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், முகம் மாறாது, அடக்கம் தாமதமாகாது. துஷ்டி வீட்டில் பத்துப் பேர் கண்ணெதிரே நடக்கும். பார்த்தவர்கள் அடுத்த துஷ்டியில் தாங்களே போன் போடுகிறார்கள். அந்த அம்மா மாமியாரைச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். பிற உறுப்புகள் கண்ணுக்குத் தெரியாத ஓர் அறைக்குள் எடுக்கப்படுகின்றன. நம்பிக்கை வர வேறு வழி தேட வேண்டியிருக்கிறது.

சட்டத்தை மாற்றினால் போதுமா

மறுக்காதவர்கள் எல்லாரும் சம்மதித்தவர்கள் என்று கொள்ளும் முறையை இந்தியாவுக்கும் கொண்டுவர வேண்டும் என்று படித்த நண்பர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். ஸ்பெயினைக் காட்டுகிறார்கள். பத்து லட்சம் மக்களுக்கு இறந்த கொடையாளர்கள் அங்கே சுமார் 50 பேர், இந்தியாவில் ஒருவர்கூட இல்லை. ஸ்பெயினில் அப்படி ஒரு சட்டம் 1979 முதல் இருப்பதும் உண்மை. ஆனால் அங்கே குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. சட்டம் வந்து பத்து வருடம் கழித்து, 1989-ல் தேசிய அமைப்பு ஒன்றை உருவாக்கி, ஐசியூவிலேயே வேலை செய்யும் மருத்துவர்களை ஒருங்கிணைப்பாளர்களாக்கி, குடும்பத்தோடு பேசப் பயிற்சி கொடுத்த பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. அதைக் கட்டியெழுப்பிய ரஃபேல் மாட்டேசன்ஸே பெருமையைச் சட்டத்துக்குக் கொடுப்பதில்லை.

இங்கிலாந்து 2020 மே மாதத்தில் அந்த முறைக்கு மாறியது. குடும்பங்களின் ஒப்புதல் அதற்குப் பிறகு கூடவில்லை, குறைந்தது. பிரேசில் 1997-ல் கொண்டுவந்தது, மக்களின் பயத்தைப் பார்த்து அடுத்த வருடமே பின்வாங்கியது. சிங்கப்பூரில் 1987 முதல் கடுமையான சட்டம் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்று ஒரு குடும்பம் மருத்துவர்கள் முன் மண்டியிட்டுக் கெஞ்சியது 2007-ல் அங்கே பெரிய செய்தியானது. அந்தக் காட்சி நம் ஊரில் ஒரு தடவை நடந்து, ஒருவர் செல்போனில் எடுத்துப் பரப்பிவிட்டால், பிறகு பத்து வருடத்துக்கு எந்த மரத்தடியிலும் எங்களால் நிற்க முடியாது.

தமிழ்நாடு வேறு வழியில் முன்னேறியிருக்கிறது. 2008-ல் அரசு ஆணைகளோடு திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் கொடுத்தது மாநிலத்தையே பேசவைத்தது. ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க மோகன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் வந்தன. கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பர் 23-ல் முதலமைச்சர் அறிவித்தார். 2024-ல் கொடையாளர்கள் 268 பேர். இதில் அரசு மரியாதையின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்று சொல்பவர்களும் இந்தத் துறையில் உண்டு. கிராமத்தில் அது என்ன செய்கிறது என்பதை நான் நேரில் பார்த்தேன்.

பிறகு

புதன்கிழமை காலை அறுவை முடிந்தது. மதியம் 2 மணிக்கு உடல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது, சொன்ன நேரத்துக்குள். மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு ஓரமும் நின்றார்கள். முந்தின நாள் சந்தேகமாகக் கேட்ட இளைஞர்தான் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

இருந்தும் பேச்சு வராமல் இல்லை. ஒரு வாரத்தில் மனைவி போனில் அழைத்தார். எவ்வளவு ரூபாய் வந்தது என்று பீடிக் கம்பெனியில் ஒருத்தி கேட்டாளாம். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நான் போனேன். பந்தியில் எல்லாரும் இருக்கும்போது நன்றிச் சான்றிதழை மாமாவின் கையில் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொன்னேன். காசு வாங்குவதும் கொடுப்பதும் இந்தச் சட்டத்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அங்கேயே சொன்னேன். மாமா வாசித்து முடித்து, "இனி எவளாவது எங்க புள்ளயக் கேட்டா, எங்கிட்ட அனுப்பு" என்றார். எங்க புள்ள என்று அவர் சொன்னது மருமகனின் மனைவியை.

வாங்கியவர்கள் யார் என்று அம்மா கேட்டார். பெயரை வெளியிடுவதில்லை என்பது விதி, அதை மீறவில்லை. மூவரும் நன்றாக இருக்கிறார்கள், சிறுநீரகம் பெற்ற ஒருவருக்கு டயாலிசிஸ் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அந்த மருத்துவமனையில் இப்போது இரண்டு மாற்றம் செய்திருக்கிறோம். மூளைச்சாவு என்ற செய்தியை நடைபாதையில் நின்றுகொண்டு யாரும் சொல்வதில்லை, உட்காரவைத்து மூத்த மருத்துவர்தான் சொல்கிறார். தலைக்காயத்தோடு ஒருவர் ஐசியூவுக்கு வந்த அன்றே, அவர் பிழைப்பார் என்ற நம்பிக்கையோடு சிகிச்சை நடக்கும்போதே, "உங்க குடும்பத்துல யாரைக் கேட்டு முடிவெடுப்பிய?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். சிகிச்சைக்கே அது பயன்படுகிறது. பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் எழுதப்படுவது ஒரு மாமாவின் செல்போன் எண்.